அப்பாவுக்கு அடுத்த இடம்

எங்கள் அம்மாவின் பெயரில் வீடு கிடையாது, வயல் கிடையாது. இந்தப் பூமியில் அவளுக்கென்று இருந்தது ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம். அது சங்கரன்கோவிலில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் கல்லறைக்கு வலப்பக்கம் இருந்தது.

எங்கள் சபையில் இது வழக்கம். புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் முந்திக்கொண்டால், மற்றவருக்காகப் பக்கத்து இடத்தைக் கமிட்டியில் சொல்லி ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அப்பா போனபோது அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு பேருக்குமாக அகலமாக ஒரே மேடை கட்டச் சொன்னாள். தலைமாட்டில் ஒரே கறுப்புக் கிரானைட் கல். இடது பாதியில் அப்பாவின் பெயரும் தேதிகளும். வலது பாதியில் ஒன்றுமில்லை, வெறும் பளபளப்பு. சனிக்கிழமை சாயங்காலம் துடைப்பமும் வாளியுமாகப் போய் மேடையைக் கழுவிவிட்டு, அந்த வெறும் பாதியில் முகம் பார்த்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்புவாள். ஊரில் ஆளாளுக்கு ராஜபாளையம் ரோட்டில் மனை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. "என் பிளாட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டு அம்மா கிளம்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாவை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு என்று சத்தம் போடுவேன். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். அண்ணனுக்குச் சிமெண்ட், கம்பி வியாபாரம். சபைக் கமிட்டியிலும் இருந்தான். அம்மா அவன் வீட்டில் இருந்தாள். நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். கோபத்தில் நாங்கள் இருவரும் ஒரே ரகம். அவன் கத்தித் தீர்த்துவிடுவான், நான் உள்ளே வைத்துப் புழுங்குவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் பூ கட்டி விற்ற ஒரு பெண்ணைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நாங்கள் பூக்காரக்கா என்போம். குருவிகுளம் பக்கத்துக் கிராமம். புருஷன் செத்த பிறகு கைக்குழந்தையோடு இங்கே வந்து, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பூ கொண்டுவந்து போட்டவள், ஆராதனை முடியும் வரை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. மகளுக்குச் சொந்தத்தில் மாப்பிள்ளை அமைய வேண்டுமே, அது முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். சர்ச் பீடத்தில் வாராவாரம் வைக்கிற பூச்சரம் அவள் கட்டியதுதான். அதற்குக் காசு வாங்க மாட்டாள்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நடந்து ஊரே நெரிந்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில், பிச்சிப்பூக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. மகள் ஊருக்குப் போன் போட்டாள். "சாமிய விட்டுட்டு அங்கதான போனா, அங்கனயே பாத்துக்கிடுங்க" என்று சொல்லிச் சித்தப்பா வைத்துவிட்டாராம். நகராட்சி மயானத்தில் எரித்திருக்கலாம். ஆனால் பூக்காரக்கா மகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். சர்ச் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில், மண்ணில் தன்னை வைக்க வேண்டும். அந்தப் பெண் அதை நிறைவேற்றித் தரச் சொல்லி வந்து சர்ச் கேட்டில் நின்றாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

கமிட்டி வராந்தாவில் கூடியது. செய்தி கேள்விப்பட்டு அம்மா கிளம்பினாள், நானும் கூடப் போனேன். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அப்போது இருந்த ஐயர் வயதில் சின்னவர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் நடுவில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கமிட்டிச் செயலாளர் பேசினார். "டீச்சர், சட்டம்னு ஒன்னு இருக்குல்லா? ஞானஸ்நானம் எடுக்காத ஆளுக்கு எப்பிடி இடம் குடுக்க முடியும்? அதுபோக, இடம் எங்கன இருக்கு? எங்க பாத்தாலும் ஒதுக்குன இடம்தான். மதில் பக்கம் பூரா தண்ணி கெட்டிக் கெடக்கு."

"ஒதுக்குனதுல ஒன்னு எனக்குள்ளது. அத அவளுக்குக் குடுங்க" என்றாள் அம்மா.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அண்ணனுக்குத்தான் முதலில் புரிந்தது. எழுந்து நின்றுவிட்டான்.

"அம்மா, என்ன பேசுதிய? அப்பா பக்கத்துலயா?"

"வேற எங்கனலே எனக்கு இடம் இருக்கு?"

"நாளைக்கு உங்கள எங்க வைக்க?"

"நான் நாளைக்குத்தான சாவேன். அவ இன்னைக்குச் செத்துட்டா."

ஐயர் தயங்கித் தயங்கி, "இடம் உங்களுது டீச்சர், நீங்க யாருக்கும் கொடுக்கலாம். ஞானஸ்நானக் காரியம்தான்..." என்று இழுத்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் பின்வரிசைப் பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. "ஐயா, அவ கட்டுன பூவப் பீடத்துல வச்சோம். அவள மண்ணுல வைக்க மாட்டமா? சிலுவையிலருந்து எறக்கி ஆண்டவரையே எரவல் குழியிலதான வச்சாவ. தனக்குன்னு வெட்டி வச்சிருந்தத ஒரு மனுசன் தூக்கிக் குடுத்தான். கமிட்டியில கேட்டுட்டா குடுத்தான்?"

ஐயர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வந்து ஜெபம் பண்ணுறேன்" என்றார். செயலாளரும் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அம்மாவை முறைத்தேன். பெருமையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது.

மேடையின் வலது பாதியை உடைத்துத் தோண்டினார்கள். சாயங்காலம் மணி அடித்தது. தபசுக் கூட்டத்தில் ரத வீதிப் பக்கம் போக முடியாமல் சுற்றிக்கொண்டு போனோம். பூ மார்க்கெட்டிலிருந்து பெண்கள் கூட்டமாகப் பின்னால் வந்தார்கள். அவர்களில் ஒருத்திகூட எங்கள் சபை இல்லை. அன்றைக்கு விற்காத பூவை எல்லாம் கொண்டுவந்து குழியில் கொட்டினார்கள். பெட்டியே தெரியவில்லை. ஆடித்தபசு நாளில் பூ என்ன விலை விற்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது விற்காத பூவா, விற்காமல் வைத்திருந்த பூவா என்பது தெரியும்.

அம்மா அதோடு நிறுத்தியிருந்தால் எங்கள் குடும்பம் பிழைத்திருக்கும். இரண்டு மாதம் கழித்து, கல் கொத்துகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கிரானைட்டின் வெறும் பாதியில் பூக்காரக்காவின் பெயரைப் பொறிக்கச் சொல்லிவிட்டாள். பேரில்லாமல் ஒரு மனுஷி கிடக்கக்கூடாது என்பது அவள் நியாயம். கொத்தியவரும் நல்ல வேலைக்காரர். அப்பாவின் பெயர் எந்த எழுத்தில், எந்த அளவில் இருந்ததோ அதே மாதிரி கச்சிதமாகப் பொறித்துக் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே மேடை, ஒரே கல், இடது பக்கம் ஆண் பெயர், வலது பக்கம் பெண் பெயர் என்றால் அது புருஷன் பெண்டாட்டி. வேறு அர்த்தமே கிடையாது. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் மெழுகுவர்த்தியும் கையுமாகத் தோட்டத்தைச் சுற்றினார்கள். அப்பாவை அறிந்தவர்கள் கல்லைப் பார்த்தார்கள். பக்கத்தில் பார்த்தார்கள். அது டீச்சரின் பெயர் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். அன்று ராத்திரிக்குள் எங்கள் அப்பாவுக்கு இரண்டாம் குடும்பம் அமைந்துவிட்டது.

அப்பா எப்படிப்பட்டவர் என்றால், வீட்டுக்கு அம்மாவின் சிநேகிதிகள் வந்தால் பேப்பரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிற ஆள். அவருக்கு இந்தப் பட்டம். என்னிடமே ஒரு அம்மாள், "சாரு இவ்வளவு அமைதியா இருந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அண்ணன் ஆடியிலிருந்தே அம்மாவோடு பேச்சை நிறுத்தியிருந்தான். இப்போது பேசினான். தெருவே கேட்கிற மாதிரி பேசினான். "ஊருக்கு நல்லது செய்யணும்னா உங்க பொருளக் குடுங்க. அப்பா மானத்தக் குடுக்க உங்களுக்கு யாரு உரிமை தந்தா?" என்றான். அது சாதாரணக் கேள்வி இல்லை. நானே அதை மனசுக்குள் பல தடவை கேட்டிருந்தேன். அம்மா கல்லை மட்டும் மாற்றச் சம்மதித்தாள். அப்பாவுக்குத் தனியாக ஒன்று, பூக்காரக்காவுக்குத் தனியாகச் சின்னதாக ஒன்று. ஆனால் போட்டோவை யார் மாற்றுவது?

அண்ணன் மகளுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நாகர்கோவில் பக்கம், நல்ல குடும்பம், பையனும் நல்ல பையன். பெண் பார்த்துவிட்டுப் போய், இருவரும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் காதுக்குப் போட்டோ போனது. விசாரிக்க வந்தார்கள். அம்மாவே அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், கொடுத்த காபியையும் குடித்தார்கள். நாலு நாள் கழித்து, பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று தரகர் சொன்னார்.

பிள்ளை அழுதாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அம்மா அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "ஏட்டி, நான் செஞ்சதுக்கு நீ அழுத. அதுக்கு உங்கிட்ட மன்னிப்புக் கேக்கேன் மக்கா. எடம் குடுத்ததுக்குக் கேக்க மாட்டேன். ரெண்டும் வேற வேற" என்றாள். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. பிள்ளை சாப்பிடப் போனாள். அவளுக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது, நன்றாக இருக்கிறாள். ஆனால் முதல் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. இதை நான் மறைத்து எழுதினால், அம்மா செய்ததற்கு யாரும் விலை கொடுக்கவில்லை என்று ஆகிவிடும்.

நான் அம்மாவை வியப்பது அவள் கொடுத்ததற்காக மட்டும் இல்லை. கொடுத்துவிட்டுத் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளாததற்காக. சனிக்கிழமை போவதை அவள் விடவில்லை. இரண்டு கல்லையும் கழுவினாள். பூக்காரக்காவின் மகள் தன் தாய் உட்கார்ந்த இடத்திலேயே கூடையோடு உட்கார்ந்து வியாபாரத்தை எடுத்து நடத்தினாள். சனிக்கிழமை அவளும் வந்து தண்ணீர் சுமந்தாள். மறு வருஷம் ஈஸ்டருக்கு, யாரும் சொல்லாமலே, தானாக ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். ஐயர் அந்த மதிலோரப் பள்ளத்தில் மண்ணடித்து நிரப்ப ஏற்பாடு செய்தார். ஒதுக்கின இடம் இல்லாதவர்களுக்கு, சொந்தம் கைவிட்டவர்களுக்கு, அங்கே வைக்கலாம் என்று கமிட்டியில் எழுதிக்கொண்டார்கள். மண் லோடு அண்ணன் கடை லாரியில்தான் வந்தது. யார் அனுப்பியது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடம், "முறுக்குல உப்பு கம்மி" என்றான். எங்கள் வீட்டில் சமாதானம் அப்படித்தான் வரும்.

ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூப்பிடத் தோட்டத்துக்குப் போனேன். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அங்கிருந்து அடுத்த கல்லறை எவ்வளவு தூரம் என்று கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்ணுதிய?"

"ஒன்னுமில்ல. இந்தக் கால்மாட்டுல குறுக்க ஒரு ஆளு படுக்க எடம் வருமான்னு பாத்தேன். வராது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கொடுத்தது மண்ணை இல்லை. அப்பாவோடு படுத்துக்கிடக்கிற ஆசையைக் கொடுத்திருக்கிறாள். அது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அவளுக்காகவும் அழுதேன், அவள் மேல் இருந்த கோபத்திலும் அழுதேன்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். நெஞ்சுச் சளியில் தொடங்கி ஒரு வாரத்தில் முடிந்தது. நான் வீட்டில் அழுதுகொண்டிருந்தபோது அண்ணன் கமிட்டிக்குப் போய்த் திரும்பினான். தோட்டத்தின் நடுவில் ஒரு துண்டு இடமும் இல்லை. மதிலோரம்தான். அப்பா ஒரு கோடி, அம்மா ஒரு கோடி. அதைச் சொல்லும்போது அவன் உதடு கோணிக்கொண்டது. அவன் பயந்தது நடந்துவிட்டது. நான் உள்ளே வைத்துப் புழுங்கியதும் அதுதான்.

பூக்காரக்காவின் மகள் வந்தாள். இப்போது கல்யாணமாகி, இடுப்பில் ஒரு பிள்ளை. அம்மாவின் காலடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அண்ணனிடம் வந்தாள். அண்ணனோடு அவள் அதுவரை நேருக்கு நேர் பேசிப் பார்த்ததில்லை. அவனைக் கண்டால் தெருவில் ஒதுங்கிப் போவாள்.

"அண்ணாச்சி, எங்கம்மாவ எடுத்து மதில் பக்கம் வச்சுருவோம். இத்தன வருசம் ஆச்சு, எலும்புதான் இருக்கும். ஐயர்ட்ட நான் கேட்டுட்டேன், எழுதிக் குடுத்தா எடுக்கலாம்னுட்டாவ. டீச்சரம்மா சார்கிட்ட இருக்கட்டும். எங்கம்மாவும் இதத்தான் சொல்லுவா."

வீட்டில் இருந்த அத்தனை பேரும் அண்ணனைப் பார்த்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவன் சரி என்று சொல்ல வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. யாருக்கும் அநியாயம் இல்லை. அவளே கேட்கிறாள். அம்மாவுக்கு ஆசை அது. சரி என்று ஒரு வார்த்தை போதும்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"வேண்டாம்மா. எங்கம்மா குடுத்தத நாங்க திருப்பி வாங்கக்கூடாது. அவ எந்திரிச்சு வந்து என்னைய அடிப்பா."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

மதிலோரம் குழி வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் எங்களுக்குத் தெரியாதவர்களின் மண்மேடுகள். ஒரு லாரி டிரைவர், நெசவுக்கு வந்து இங்கேயே முடிந்துபோன ஒரு கிழவர். ஐயர் ஜெபித்து முடித்ததும் மண் போட வேண்டும். எங்கள் வழக்கப்படி மூத்த மகன் முதலில், பிறகு மற்றப் பிள்ளைகள். அண்ணன் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தான். போடவில்லை. திரும்பி, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பூக்காரக்காவின் மகளைத் தேடினான். "ஏட்டி, இங்கன வா" என்று கூப்பிட்டு, கையிலிருந்த மண்ணை அவள் கையில் கொட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். முதல் பிடி மண்ணை அவள் போட்டாள். இரண்டாவது அண்ணன். அடுத்தது நான். என் அம்மாவை நான் இவ்வளவு நேசித்தேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.